பாலுறவு வலிக்கான இயன்மருத்துவம்

பாலுறவு வலிக்கான இயன்மருத்துவம் என்பது, பாலுறவின் போது வலியை உணரும் பெண்களுக்கு இடுப்புத்தளத் தசைகளைப் பயிற்றுவதன் மூலம் அளிக்கப்படும் சிகிச்சை ஆகும். பேச்சு வழக்கில் பிசியோதெரபி என அறியப்படும் இயன்மருத்துவம் முதுகு வலி, மூட்டு வலி, பக்கவாதம் போன்றவற்றுக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் இடுப்புக்கூட்டின் அடியில் அமைந்துள்ள தசைகளும் கை, கால் தசைகளைப் போன்று நம் விருப்பத்துக்கு இயங்கக்கூடியவையே. அவையும் இறுகும், தளரும், காயப்படும், பயிற்சியால் மீளும்.

இவ்வலி அரிதானது அல்ல. பிரித்தானியாவில் 2010 முதல் 2012 வரை நடத்தப்பட்ட தேசிய அளவாய்வு ஒன்றின் முடிவுகள் 2017 இல் வெளியாயின. அதன்படி, பாலுறவில் ஈடுபட்டு வந்த 16 முதல் 74 வயது வரையான பெண்களில் 7.5 விழுக்காட்டினர், முந்தைய ஓராண்டில் குறைந்தது மூன்று மாதங்களாவது பாலுறவால் வலியை உணர்ந்ததாகத் தெரிவித்தனர்.

இவ்வலி நெடுங்காலமாக மனக்குறை என்றோ, பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய இயல்பு என்றோ கருதப்பட்டு வந்தது. இடுப்புத்தளத் தசைகள் பற்றிய ஆய்வுகள் இக்கருத்தை மாற்றியுள்ளன. வலியை எதிர்பார்க்கும் உடல், தன்னைக் காத்துக்கொள்ளத் தசைகளை இறுக்குகின்றது. அவ்விறுக்கமே மேலும் வலியைத் தருகின்றது. உடல் கற்றுக்கொண்ட இப்பழக்கத்தைப் படிப்படியாக மாற்றுவதே இயன்மருத்துவத்தின் நோக்கம்.

பெயர்களும் வகைகளும்

பாலுறவின் போதோ அதன் பின்னரோ ஏற்படும் வலி மருத்துவத்தில் டிஸ்பரூனியா எனப்படுகின்றது. வலி உணரப்படும் இடத்தைக் கொண்டு இதனை இரண்டாகப் பிரிப்பர்.

மேலோட்ட வலி: யோனி வாயிலிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் எரிச்சலாகவோ, கிழிப்பது போன்றோ உணரப்படுவது.

ஆழ்ந்த வலி: அடிவயிற்றிலோ இடுப்பின் உட்புறத்திலோ உணரப்படுவது.

பெண் விரும்பினாலும் யோனியினுள் எதனையும் நுழைக்க இயலாதவாறு தசைகள் தம்மையறியாமல் இறுகிக்கொள்ளும் நிலை வஜினிஸ்மஸ் எனப்படும். இதனைத் தமிழில் யோனி இறுக்கம் எனலாம். இந்நிலையில் உள்ள பெண்களுக்கு மாதவிடாய்ப் பஞ்சுக்குழலைப் பயன்படுத்துவதும் மகளிர் மருத்துவரின் உட்பரிசோதனைக்கு உட்படுவதும்கூடக் கடினமாக இருக்கலாம்.

யோனியின் உள்ளிதழ்களுக்கு இடையே உள்ள மென்மையான பகுதி யோனி முன்றில் ஆகும். இலேசாகத் தொட்டாலும் இப்பகுதியில் கடும் வலி எழும் நிலை வெஸ்டிபுலோடினியா எனப்படுகின்றது. மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களின் மேலோட்ட வலிக்கு இது ஒரு முக்கிய காரணம். வெளித்தோற்றத்தில் புண்ணோ வேறு மாற்றமோ பெரும்பாலும் தென்படாததால், "ஒன்றுமில்லை" என்று கூறித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் பலர்.

டிஸ்பரூனியாவும் வஜினிஸ்மசும் தனித்தனி நோய்களாகவே முன்னர் பட்டியலிடப்பட்டன. ஆனால் இரண்டிலும் வலி, அச்சம், தசை இறுக்கம் ஆகிய மூன்றும் கலந்தே காணப்படுகின்றன. ஆகவே அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் இணைத்தது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் 11 ஆம் நோய் வகைப்பாடு, பாலுறவு வலி மற்றும் நுழைவு தொடர்பான குறைபாட்டை உளநோய்களின் இயலில் வைக்காமல், பாலியல் நலம் தொடர்பான நிலைகள் என்ற தனி இயலில் வைத்துள்ளது.

இடுப்புத்தளத்தின் அமைப்பு

முன்புறம் பூப்பெலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்பு வரை, தூளி போலத் தொங்கும் தசைத் தொகுதியே இடுப்புத்தளம். பெண்களில் சிறுநீர்க் குழாய், யோனி, மலவாய் ஆகிய மூன்று வழிகளும் இதனூடாகச் செல்கின்றன. இத்தசைகளை இரு அடுக்குகளாகக் காணலாம். மேலோட்டமான அடுக்கு யோனி வாயிலைச் சுற்றி அமைந்துள்ளது. ஆழமான அடுக்கில் உள்ள லெவேட்டர் ஆனி என்னும் தசைத் தொகுதி சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்குகின்றது. இடுப்புக்கூட்டின் பக்கச் சுவரில் அமைந்த ஒப்டுரேட்டர் இன்டர்னஸ் என்னும் தசை தொடையை வெளிப்புறமாகத் திருப்ப உதவுவது. இது லெவேட்டர் ஆனியுடன் இணைந்திருப்பதால், இடுப்பு மூட்டின் கோளாறுகளும் இடுப்புத்தள வலியும் ஒன்றையொன்று பாதிக்கக்கூடும்.

இத்தசைகளில் பெரும்பாலானவற்றுக்கான நரம்புகள் தண்டுவடத்தின் திரிகப் பகுதியின் 2, 3, 4 ஆம் நரம்பு வேர்களிலிருந்து வருகின்றன. அவற்றுள் முதன்மையானது புடெண்டல் நரம்பு. ஓய்வாக இருக்கும்போதும் இடுப்புத்தளம் முற்றாகச் செயலற்றுப் போவதில்லை. சிறிதளவு இறுக்கத்தை எப்போதும் பேணுகின்றது. இருமும்போதும் தும்மும்போதும் நாம் எண்ணாமலே அது மேலும் இறுகுகின்றது.

மூச்சுக்கும் இடுப்புத்தளத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகின்றது. அப்போது வயிற்றறையில் கூடும் அழுத்தத்துக்கு இடங்கொடுக்கும் வகையில் இடுப்புத்தளமும் தளர்ந்து சற்றுத் தாழ்கின்றது. மூச்சை வெளிவிடும்போது இரண்டும் மேலெழும்புகின்றன. பின்னர் விளக்கப்படும் பயிற்சிகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

சுருங்குவது மட்டுமன்றி விடுபடுவதும் தசையின் வேலையே. சிறுநீர் கழிக்கவும், மலம் கழிக்கவும், குழந்தை பிறக்கவும், வலியின்றிப் பாலுறவு கொள்ளவும் இடுப்புத்தளம் தளர்ந்து நீள வேண்டும்.

வலி நிலைபெறும் விதம்

தூசி வரும்போது கண்ணிமை தானாக மூடிக்கொள்கின்றது. அதனைப் போன்றே, தீங்கு வரும் என்று உடல் உணரும்போது இடுப்புத்தளமும் இறுகுகின்றது. 2001 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. யோனி இறுக்கம் உள்ள பெண்களுக்கும் இல்லாத பெண்களுக்கும் அச்சமூட்டுவது, பாலியல் வன்முறையை உணர்த்துவது, காமச்சுவை உடையது, சாதாரணமானது என நால்வகைத் திரைப்படக் காட்சிகள் காட்டப்பட்டன. அப்போது இடுப்புத்தளத்தின் மின் செயற்பாடும், கழுத்திலிருந்து தோளுக்குச் செல்லும் தசையின் மின் செயற்பாடும் அளக்கப்பட்டன. அச்சமூட்டும் காட்சிகளின்போது இரு இடங்களிலும் தசைச் செயற்பாடு கூடியது. பாலியல் தொடர்பற்ற அச்சக் காட்சியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. குறைபாடு இல்லாத பெண்களிடமும் இது காணப்பட்டது. எனவே இவ்விறுக்கம் சில பெண்களுக்கு மட்டும் உரிய விந்தையன்று. எல்லா உடல்களுக்கும் பொதுவான தற்காப்பு என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இத்தற்காப்பு நீங்காமல் நிலைத்துவிடும்போதே சிக்கல் தொடங்குகின்றது. அது பெரும்பாலும் பின்வரும் வரிசையில் நிகழ்கின்றது.

1. தொற்று, காயம், வறட்சி, போதிய கிளர்ச்சியின்மை போன்ற ஏதேனும் ஒரு காரணத்தால் முதலில் வலி ஏற்படுகின்றது.

2. அடுத்த முறையும் வலிக்கும் என்ற எதிர்பார்ப்பு உண்டாகின்றது.

3. அவ்வெதிர்பார்ப்பினால் தசைகள் இறுகுகின்றன. கிளர்ச்சியும் இயல்பான கசிவும் குறைகின்றன.

4. இறுகிய வாயிலில் உராய்வு கூடுவதால் வலி மிகுகின்றது.

5. மிகுந்த வலி அச்சத்தை உறுதிப்படுத்துகின்றது.

காலப்போக்கில் நரம்பு மண்டலமும் கூருணர்வு அடைகின்றது. முன்னர் வலிக்காத இலேசான தொடுகையும் வலியாக உணரப்படலாம். முதற் காரணம் குணமடைந்த பின்னரும் வலி தொடர்வதற்கு இதுவே விளக்கம். தொற்றுக்கு மருந்து உண்டு, அது நீங்கிவிட்டது என்று ஆய்வகம் கூறிய பின்னரும் வலிப்பதாகச் சொல்லும் பெண் பொய் சொல்லவில்லை. அவளுடைய தசைகள் இன்னும் காவலை விலக்கவில்லை.

காரணங்கள்

இயன்மருத்துவத்தைத் தொடங்கும் முன் அடிப்படைக் காரணத்தை மருத்துவர் ஆராய்வது இன்றியமையாதது. பாலுறவு வலியின் முக்கிய காரணங்கள் வருமாறு:

தொற்றுகள்: யோனியில் ஏற்படும் பூஞ்சைத் தொற்று, பாலியல் வழிப் பரவும் தொற்றுகள், இடுப்பு அழற்சி நோய்.

தோல் நோய்கள்: லைக்கன் ஸ்கிளிரோசஸ் போன்றவை.

இயக்குநீர்க் குறைவு: மாதவிடாய் நின்ற பின்னரும், தாய்ப்பாலூட்டும் காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனிச் சுவர் மெலிந்து வறள்கின்றது.

மகப்பேற்றுக் காயங்கள்: பேற்றின்போது ஏற்படும் கிழிவும், மருத்துவர் இடும் வெட்டும், அவற்றின் தையல் தழும்பும்.

எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் இந்நோய் ஆழ்ந்த வலிக்கு ஒரு முக்கிய காரணம்.

புற்றுநோய்ச் சிகிச்சை: இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சுப் பெற்ற பெண்களுக்கு யோனி சுருங்கி இறுகலாம்.

பெண் உறுப்புச் சிதைப்பு: வழக்கம் என்ற பெயரில் சில சமூகங்களில் செய்யப்படும் இச்செயலின் விளைவுகள்.

கடந்தகால வன்கொடுமை, பாலுறவு பற்றிய கடும் அச்சம், விருப்பமின்றி உறவுக்கு உட்படுத்தப்படுதல் ஆகியனவும் வலிக்குக் காரணமாகலாம். ஆயினும் வலியுள்ள பெண்கள் அனைவரும் வன்கொடுமைக்கு உள்ளானவர்கள் என்று முடிவு செய்வது தவறாகும். பலரிடம் அத்தகைய நிகழ்வு எதுவும் இல்லை.

உறவுக்குப் பின் இரத்தப்போக்கு, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், காய்ச்சலுடன் கூடிய அடிவயிற்று வலி, ஆறாத புண் ஆகியவை இருப்பின், உடற்பயிற்சிகளைத் தொடங்காமல் முதலில் மகளிர் மருத்துவரை அணுக வேண்டும்.

வரலாறு

வஜினிஸ்மஸ் என்னும் சொல்லை அறிமுகப்படுத்தியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் மரியன் சிம்ஸ். 1861 இல் இலண்டன் மகப்பேற்றியல் சங்கத்தில் அவர் இந்நிலையை விவரித்தார். அவர் கண்ட தீர்வு அறுவை. கன்னிச்சவ்வை அகற்றி, யோனி வாயிலில் வெட்டிட்டு, பின்னர் கண்ணாடி விரிப்பானைப் பொருத்துமாறு அவர் பரிந்துரைத்தார். இவரே 1840களில் அலபாமாவில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள் மீது மயக்க மருந்தின்றி அறுவைச் சோதனைகள் செய்தவர். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் இருந்த அவருடைய சிலை 2018 இல் அகற்றப்பட்டது.

இடுப்புத்தளத்தைப் பயிற்சியால் மாற்றலாம் என்ற கருத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னல்ட் கெகல். மகப்பேற்றுக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்கான சுருக்கப் பயிற்சிகளையும், தசையின் அழுத்தத்தை அளக்கும் பெரினியோமீட்டர் என்னும் கருவியையும் பற்றி அவர் 1948 இல் எழுதினார். இன்று அப்பயிற்சிகள் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

1970 இல் வில்லியம் மாஸ்டர்சும் வர்ஜீனியா ஜான்சனும் வெளியிட்ட நூல், யோனி இறுக்கத்துக்கு அறுவைக்கு மாறாகப் படிப்படியான விரிப்பான்களையும் இணையருக்கான ஆலோசனையையும் முன்வைத்தது. 1995 இல் அமெரிக்க உளவியலாளர் ஹாவர்ட் கிளேசரும் அவருடைய குழுவினரும், யோனி முன்றில் வலி உள்ள பெண்களுக்குத் தசை மின்பதிவைக் கொண்டு இடுப்புத்தளப் பயிற்சி அளித்துப் பெற்ற முடிவுகளை வெளியிட்டனர். வலியின் மூலத்தை முன்றில் திசுவில் மட்டுமன்றி, அதன் பின்னுள்ள தசையிலும் தேடும் போக்குக்கு இது வலுச்சேர்த்தது.

மதிப்பீடு

முதற்சந்திப்பின் பெரும்பகுதி உரையாடலிலேயே கழியும். வலி எப்போது தொடங்கியது, எங்கே உணரப்படுகின்றது, எவ்வளவு நேரம் நீடிக்கின்றது, சிறுநீர், மலம் கழிப்பதில் சிரமம் உண்டா, மகப்பேறுகளும் அறுவைகளும் எவ்வாறு அமைந்தன ஆகியவற்றை இயன்மருத்துவர் கேட்டறிவார். பின்னர் முதுகு, இடுப்பு மூட்டு, வயிறு, மூச்சு விடும் முறை ஆகியவை பார்க்கப்படும்.

பெண் இசைந்தால் மட்டுமே இடுப்புத்தளம் நேரடியாகப் பரிசோதிக்கப்படும். முதலில் வெளிப்புறத்தில், தசையை இறுக்கும்போதும் விடும்போதும் தோன்றும் அசைவு கவனிக்கப்படும். முன்றில் வலி ஐயுறப்படின், ஈரப்பஞ்சுக் குச்சியால் வெவ்வேறு இடங்களை மெல்லத் தொட்டு வலியின் அளவு கேட்கப்படும். உட்பரிசோதனைக்குக் கையுறை அணிந்த ஒரு விரல் மட்டுமே பயன்படுத்தப்படுகின்றது. மகளிர் மருத்துவர்கள் பயன்படுத்தும் யோனி விரிவுக் கருவி இதற்குத் தேவையில்லை.

உட்பரிசோதனை கட்டாயமும் அன்று. முதற்சந்திப்பில் அதனைத் தவிர்த்து, பல வாரங்களுக்குப் பின் செய்வதோ, செய்யாமலே விடுவதோ இயலும். வலிக்கு அஞ்சும் உடலை வற்புறுத்திப் பரிசோதித்தால், மாற்ற வேண்டிய அதே பழக்கம் மேலும் உறுதிப்படும்.

சிகிச்சை முறைகள்

விளக்கமளித்தல்

படங்களையும் இடுப்பெலும்பு மாதிரியையும் கொண்டு உடலமைப்பை விளக்குவதே முதற்படி. கைக்கண்ணாடியைக் கொண்டு தம் உடலைத் தாமே காணுமாறு சில பெண்களுக்குக் கூறப்படும். தன் யோனி பிறவியிலேயே குறுகியது, அடைபட்டது என்று எண்ணியிருந்த பெண்ணுக்கு, அது நீட்சியுடைய தசையால் சூழப்பட்டது என்று அறிவதே பெரும் ஆறுதலாக அமையலாம்.

மூச்சும் தளர்வும்

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றில் வைத்து, வயிறு உயருமாறு மெதுவாக மூச்சை உள்ளிழுக்க வேண்டும். அப்போது இடுப்புத்தளம் தாழ்ந்து விரிவதை உணரப் பழக வேண்டும். குழந்தை குப்புறப் படுத்திருப்பது போன்ற யோகநிலையும், உள்தொடைத் தசைகளை நீட்டும் பயிற்சிகளும் இதனுடன் சேர்க்கப்படுகின்றன. முக்கி வெளித்தள்ளுவது தளர்வு ஆகாது என்பதை இயன்மருத்துவர் வேறுபடுத்திக் காட்டுவார்.

கைவழிச் சிகிச்சை

இறுகிய தசையில் தொட்டால் வலிக்கும் இடங்களைக் கண்டு, அவற்றின் மீது மென்மையான அழுத்தத்தைச் சிறிது நேரம் தந்து தளரச் செய்வர். மகப்பேற்றுத் தையல் தழும்பு இறுகியிருந்தால் அதனையும் தேய்த்து நெகிழ்த்துவர். பின்னர் இதனைத் தானே செய்துகொள்ளவும் பெண்ணுக்குக் கற்பிக்கப்படும். இச்சிகிச்சையின் போது தாங்க முடியாத வலி ஏற்படக்கூடாது. வலி கூடினால் உடனே நிறுத்தப்பட வேண்டும்.

உயிரியல் பின்னூட்டம்

தசையின் மின் செயற்பாட்டை உணரிகளால் அளந்து, திரையில் கோடாகக் காட்டும் முறை இது. இடுப்புத்தளம் கண்ணுக்குத் தெரியாத தசை. அது இறுகியுள்ளதா, தளர்ந்துள்ளதா என்பதைப் பலரால் உணர முடிவதில்லை. கோடு ஏறி இறங்குவதைக் காணும்போது, எந்த முயற்சி தசையைத் தளர்த்துகின்றது என்பது புலனாகின்றது.

விரிப்பான்கள்

டைலேட்டர் எனப்படும் இவை, வழவழப்பான நெகிழியாலோ சிலிக்கோனாலோ செய்யப்பட்டவை. சுண்டுவிரல் பருமனிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் தொகுதியாகக் கிடைக்கின்றன. வலியில்லாத அளவில் தொடங்கி, மூச்சுப் பயிற்சியுடன் பயன்படுத்தி, அது எளிதான பின்னரே அடுத்த அளவுக்குச் செல்ல வேண்டும். தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு இக்கருவி யோனியைப் பெரிதாக்குவதில்லை. நுழைவு என்பது தீங்கன்று என்று நரம்பு மண்டலத்துக்குப் பழக்குகின்றது. இதன் காரணமாகப் பிரித்தானியாவில் இவற்றைப் பயிற்றிகள் என்னும் பொருள்படும் சொல்லாலும் அழைக்கின்றனர். கதிர்வீச்சுக்குப் பின் பயன்படுத்துவோருக்கு மட்டும் நோக்கம் வேறு. யோனிச் சுவர்கள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதே அங்கு முதன்மையானது.

அன்றாடப் பழக்கங்கள்

சிறுநீரை நெடுநேரம் அடக்குதல், மலச்சிக்கலால் முக்குதல், வயிற்றை எப்போதும் உள்ளிழுத்து வைத்திருத்தல் ஆகியவை இடுப்புத்தளத்தை இறுக்குகின்றன. மேற்கத்திய கழிப்பறையில் அமர்வோர் பாதங்களின் கீழ் சிறு முக்காலி வைத்து முழங்கால்களை உயர்த்தினால் மலம் கழிப்பது எளிதாகும். யோனியின் உட்புறத்தைச் சோப்பால் கழுவத் தேவையில்லை. உறவின்போது வழுக்குப் பொருள் பயன்படுத்துவது உராய்வைக் குறைக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் உள்ளிட்ட எண்ணெய்கள் இரப்பர் ஆணுறையை வலுவிழக்கச் செய்வதால், ஆணுறையுடன் நீர் அடிப்படையிலான வழுக்குப் பொருளையே பயன்படுத்த வேண்டும்.

கெகல் பயிற்சி பற்றிய தவறான கருத்து

இடுப்புத்தளச் சிக்கல் எதுவாயினும் கெகல் பயிற்சியே மருந்து என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தசை தளர்ந்ததால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அது பயனுள்ளது. ஏற்கனவே இறுகியுள்ள தசையைத் திரும்பத் திரும்பச் சுருக்கினால் வலி கூடலாம். முட்டியாக மூடிய கையை மேலும் மூடச் சொல்வதற்கு இது ஒப்பாகும். தசை முழுமையாகத் தளரக் கற்ற பின்னர், வலுவும் குறைவாக இருந்தால் மட்டுமே சுருக்கப் பயிற்சிகள் சேர்க்கப்படுகின்றன. எனவே மதிப்பீடு செய்யாமல் தாமாகவே கெகல் பயிற்சியைத் தொடங்குவது வலியுள்ளவர்களுக்கு ஏற்றதன்று.

ஆய்வுச் சான்றுகள்

2001 இல் வெளியான கனேடிய ஆய்வொன்றில், முன்றில் வலி உள்ள 78 பெண்கள் குழு உளச்சிகிச்சை, தசை மின்பதிவுப் பின்னூட்டம், வலியுள்ள திசுவை அகற்றும் அறுவை ஆகிய மூன்றில் ஒன்றுக்குக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். மூன்று பிரிவினரும் முன்னேற்றம் கண்டனர். வலிக் குறைவில் அறுவையே முந்தியது. எனினும் அறுவைக்கு ஒதுக்கப்பட்ட சிலர் அதனை ஏற்க மறுத்ததும் கவனிக்கத்தக்கது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வு இதனினும் பெரியது. முன்றில் வலி உள்ள 212 பெண்கள் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை என 10 வாரங்களுக்கு இயன்மருத்துவம் பெற்றனர். அதில் விளக்கம், பின்னூட்டப் பயிற்சி, கைவழிச் சிகிச்சை, விரிப்பான் ஆகியன அடங்கியிருந்தன. மற்றப் பிரிவினர் லிடோகெயின் என்னும் மரப்பு மருந்தை இரவில் பூசிக்கொண்டனர். சிகிச்சைக்குப் பின் மிகுந்த முன்னேற்றம் அடைந்ததாகக் கூறியோர் இயன்மருத்துவப் பிரிவில் 79 விழுக்காட்டினர், மருந்துப் பிரிவில் 39 விழுக்காட்டினர்.

வாழ்நாள் முழுவதும் யோனி இறுக்கம் இருந்த 70 பெண்களைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வு 2013 இல் வெளியானது. சிகிச்சையாளரின் துணையுடன் நுழைவுக்குப் படிப்படியாகப் பழகிய 35 பெண்களில் 31 பேரால் உறவு கொள்ள முடிந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்த 35 பெண்களில் நால்வரால் மட்டுமே முடிந்தது. இது இயன்மருத்துவ ஆய்வன்று, உளச்சிகிச்சை ஆய்வு. ஆயினும் உடல் கற்ற அச்சத்தை உடலாலேயே மாற்றலாம் என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கின்றது.

இவ்வகை ஆய்வுகளுக்கு ஒரு வரம்பு உண்டு. மாத்திரையை மறைப்பது போலப் பயிற்சியை மறைக்க இயலாது. தாம் எந்தச் சிகிச்சையைப் பெறுகின்றனர் என்பதைப் பங்கேற்போர் அறிவர். இது முடிவுகளில் ஓரளவு தாக்கம் செலுத்தக்கூடும்.

பிற சிகிச்சைகளுடன் இணைப்பு

இயன்மருத்துவம் தனித்து எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணின் வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பும், எண்டோமெட்ரியோசிசுக்கு இயக்குநீர் மருந்தோ அறுவையோ, தொற்றுக்கு உரிய மருந்தும் தேவைப்படலாம். அச்சமும் மனச்சோர்வும் மிகுந்திருப்பின் உளவியலாளரின் துணை வேண்டும். பயிற்சிகளுக்கு இணங்காத கடும் இறுக்கத்தில் போட்டுலினம் ஊசி சில இடங்களில் பயன்படுத்தப்படுகின்றது. நோயின் பல கூறுகளை ஒருசேரக் கவனிக்கும் குழு அணுகுமுறையே இன்று பரிந்துரைக்கப்படுகின்றது.

கணவரோ துணைவரோ சிகிச்சையை அறிந்திருப்பது உதவும். சிகிச்சைக் காலத்தில் நுழைவு தவிர்க்கப்பட்டு, வலி தராத நெருக்கத்துக்கு முதலிடம் தரப்படுகின்றது. "எப்போது சரியாகும்" என்ற நெருக்குதல் தசை இறுக்கத்தைக் கூட்டவே செய்யும்.

ஒப்புதலும் பாதுகாப்பும்

இச்சிகிச்சையில் பெண்ணின் ஒப்புதல் ஒருமுறை பெறப்பட்டு முடிவதன்று. ஒவ்வொரு படியிலும் அது கேட்கப்பட வேண்டும். எந்நேரமும் நிறுத்தச் சொல்லும் உரிமை பெண்ணுக்கு உண்டு. பரிசோதிக்கப்படாத பகுதிகள் துணியால் மூடப்பட வேண்டும். தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும், பெண் இயன்மருத்துவரையே கோரவும் அவர் கேட்கலாம். தீவிரத் தொற்று உள்ளபோதும், மகப்பேற்றுக் காயம் ஆறும் முன்னரும் உட்சிகிச்சை செய்யப்படுவதில்லை. கருவுற்றிருப்போர் மருத்துவரின் அறிவுரை பெற வேண்டும்.

இந்தியாவில் இயன்மருத்துவர்கள் 2021 ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வருகின்றனர். எனினும் இயன்மருத்துவப் பட்டம் பெற்ற அனைவரும் இடுப்புத்தளச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் அல்லர். அத்தனிப்பயிற்சி உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

சமூகமும் சட்டமும்

"முதலில் வலிக்கத்தான் செய்யும்", "பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்பன தமிழ்ச் சூழலில் இவ்வலிக்குக் கூறப்படும் வழக்கமான விடைகள். மகப்பேறு இதற்கு மருந்தன்று. மகப்பேற்றுக் காயமே புதிய வலிக்குக் காரணமாகலாம் என்பதை மேலே கண்டோம். நுழைவு இயலாத தம்பதியர் குழந்தையின்மைக்காக மருத்துவரை நாடும்போதே இச்சிக்கல் வெளிப்படுவதும் உண்டு.

சட்டத்திலும் இதன் விளைவு காணப்படுகின்றது. இந்தியாவின் 1955 ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பினரின் ஆண்மையின்மை அல்லது பாலுறவு இயலாமை காரணமாகத் திருமணம் உடலுறவால் நிறைவுறவில்லை எனின், அத்திருமணத்தைச் செல்லாததாக்குமாறு கோரலாம். இது கணவன், மனைவி இருவருக்கும் பொருந்தும். உடல் நிலையோ மனநிலையோ உறவை நடைமுறையில் இயலாததாக்கினால் அது இயலாமையே என்று இந்திய உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. இவ்வாறு, சில மாதப் பயிற்சியால் மாறக்கூடிய தசை இறுக்கம் ஒன்று, பெண்ணின் நிலையான குறையாக நீதிமன்ற ஆவணத்தில் இடம்பெற்றுவிடக் கூடும்.

இவ்வலிக்குச் சிகிச்சை உண்டு என்ற செய்தி உரிய காலத்தில் சென்றடைவது இதனாலேயே முக்கியமாகின்றது. வலியை வெளிப்படுத்தும் பெண்ணிடம் பொறுத்துக்கொள்ளுமாறு கூறுவது மருத்துவ அறிவுக்கு முரணானது. ஒவ்வொரு முறை பொறுத்துக்கொள்ளும்போதும் உடல் அவ்விறுக்கத்தை மேலும் நன்றாகக் கற்றுக்கொள்கின்றது.